காரணம் புலப்படா நோயும் வினைக் கொள்கையும்

உடம்பெடுத்த உயிர்கட்கு நோய் வருதல் இயல்பு. வந்த நோயின் காரணம் அறியப்பட்டதாயின், துன்பம் பெரிதாயினும் உள்ளம் ஒருவாறு அமைதி கொள்ளும். குளிர்காய்ச்சலுக்குக் கொசுக்கடியும், வயிற்றுக் கடுப்புக்குக் கெட்ட நீரும் காரணமென்று தெரிந்தவழி, நோயாளன் தன் துன்பத்தை ஒரு முறைமைக்குள் வைத்துக் காண்கின்றான். காரணம் எவ்வாற்றானும் புலப்படாத நோயோ அத்தகையதன்று. அஃது உடம்பை வருத்துவதோடு அமையாது, ‘இந்நோய் மெய்யோ பொய்யோ?’ என்றும், ‘இது வருதற்குச் செய்த பிழை யாதோ?’ என்றும் இரண்டு வினாக்களை நோயாளன் உள்ளத்தும் அவனைச் சூழ்ந்தோர் உள்ளத்தும் எழுப்புகின்றது. இவ்விரண்டற்கும் சித்தாந்த நூல்வழி நின்று விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட நோய் நாட்பட்ட தினவு. 1660-ஆம் ஆண்டில் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சொறியும் விருப்பை எழுப்பும் இனிமையில்லாத உணர்ச்சியே தினவு என வரையறுத்தார். அவ்வரையறை இன்றும் வழங்கப்படுகின்றது. ஆறு வாரங் கடந்ததை நாட்பட்டதென்பர். சொறி, சிரங்கு, படை, கரப்பான் முதலியவற்றால் வருந் தினவு கண்ணுக்குப் புலனாம். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டுச் சுரப்பி, குருதி என்னும் இவற்றின் கேட்டானும் தினவு தோன்றும். ஆதலின் நெடுநாள் தினவுற்றோர் இவற்றைச் சோதித்தறிதல் இன்றியமையாதது. இவையெல்லாம் செவ்வையாயிருப்ப, தோலிலும் தடிப்பேதும் இல்லையாக, நரம்பு பழுதுற்றமையான் எழுந் தினவு பிறிதொன்றுண்டு. அக்கிக் கொப்புளம் ஆறிய பின்னும், நீரிழிவு நெடுநாள் நின்றவழியும், கழுத்தெலும்புகளினிடையே நரம்பு நெருக்குண்டவழியும் அது வருவதுண்டு. யாதொரு காரணமும் காணப்படாமல் வருதலும் உண்டு.

இதனை யாம் நூலிற் கண்டு மட்டும் கூறுகின்றேமல்லேம். எட்டு ஆண்டுகளாக எம் கால்களிலும் முன்கைகளிலும் அது குடிகொண்டிருக்கின்றது. பகலிற் பாடஞ் சொல்லும்போது அடங்கியிருக்கும்; இரவில் விளக்கணைத்துப் பாயிற் சாய்ந்தவுடன் எறும்பூர்வதுபோலத் தொடங்கி, ஊசி குத்துவதுபோலவும் தீப்பொறி தெறிப்பதுபோலவும் மிகும். முதலிற் சென்ற மருத்துவசாலையில் குருதியும் சிறுநீரும் சோதித்தனர், நரம்பினை மின்னாற் சோதித்தனர், ‘எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா, உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தை அலட்டிக்கொள்ளாதீர்கள்’ என்று விடுத்தனர். உத்தமபாளையத்தில் எம் உற்றார் சிலரோ, ‘எப்போதோ பாம்படித்த பாவமாக இருக்கும்’ என்றனர். முன்னவர் நோயே இல்லையென்றார். பின்னவர் நோய் தக்கதே என்றார். இரண்டும் அன்பினாற் கூறப்பட்டனவே. ஆயினும் அவை அளவையொடு பொருந்துவனவோ என ஆராய்வாம்.

முதற்கண், நோய் இல்லை என்னுங் கூற்று. காண்டல், கருதல், உரை என அளவை மூன்று. இவற்றுட் காண்டலை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நால்வகைப்படுத்து ஓதுவது சித்தாந்த மரபு. இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்து அறிவது தன்வேதனைக் காட்சி. தினவு இக்காட்சிக்கே உரிய பொருள். அதனைக் கண்ணாற் கண்டார் ஒருவரும் இலர், உற்றவனே அறிவான். ஏனையோர்க்கு அவனுரையும், உறக்கமின்மையும் நகக்கீறலும் ஆகிய குறிகளுமே சான்று. ஆகவே நோயாளன் ‘எனக்குத் தினவுளது’ என்றவழி, அவன் கூறுவது கருத்தன்று, காட்சி என்க. பொய் கூறுதற்குக் காரணமில்லாத ஒருவனது காட்சியைப் பிறிதோர் அளவையால் மறுக்கப் புகுவோர், அம்மறுக்கும் அளவை வலியுடையதாதலை முன்னர்க் காட்டல் வேண்டும்.

அற்றேல், சோதனையிற் காணப்படாமையே இன்மைக்குச் சான்றாகாதோ எனின், ஆகாது. இருக்குமாயிற் காணப்பட்டே தீரும் என்னும் உறுதியுள்ள இடத்தன்றிக் காணாமை இன்மையை நாட்டாது. பட்டப்பகலில் வெறுந்தரையிற் குடத்தைக் காணாதான் ‘குடமில்லை’ என்னலாம். இருட்டறையிற் காணாதான் அங்ஙனங் கூறலாகாது. நரம்பினை மின்னாற் சோதிக்குஞ் சோதனை இத்தகையதோர் இருட்டறையே. எங்ஙனமெனின், ஊறுணர்ச்சியையும் தசையின் இயக்கத்தையும் சுமக்கும் பருத்த இழைகளில் உணர்ச்சி நொடிக்கு 50 மீட்டர் அளவினதாய் விரைந்தோடும். தினவையும் எரிச்சலையும் சுமக்கும் மெல்லிய இழைகளிலோ அது நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டரே செல்லும். மின்சோதனை அளப்பது பருத்தவற்றையே. மெல்லிய இழைகள் மாத்திரம் பழுதுற்றிருப்பின், அச்சோதனை ‘எல்லாம் செவ்வை’ என்றே காட்டும். தோலில் ஒரு சிறு துணுக்கெடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்து இழைகளை எண்ணுஞ் சோதனை வேறு உளது. பின்னாளில் எமக்கு அது செய்யப்பட்டது. இழைகள் அளவிற் குறைந்துள்ளமை தெரிந்தது. ஏன் குறைந்தன என்பது மட்டும் இன்றுகாறும் தெரிந்திலது.

இன்னும் ஒன்று. தினவென்பது சிறிய அளவினதாகிய வலியே என்று மருத்துவ நூலார் நெடுங்காலங் கருதினர். 1997-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், தினவினை உணர்த்துதற்குச் சிறப்பாக அமைந்த மெல்லிழைகள் மக்கள் தோலில் உளவென்று காட்டினர். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், தினவை மேலே செலுத்துதற்கு வேண்டப்படும் ஏற்பி ஒன்றனை எலிகளின் முதுகுத்தண்டிற் கண்டனர். 1996-ல் ‘இல்லை’ எனப்பட்டது 1997-ல் உண்டாயிற்று என்பது பொருந்துமோ? பொருள் முன்னரே இருந்தது. அறிவு பின்னர்ச் சென்றது. ஆகவே காரணம் அறியப்படாமை வேறு, நோய் இன்மை வேறு என்பது தேற்றம்.

இனி, இரண்டாங் கூற்றை நோக்குவாம். நோயெல்லாம் வினைப்பயனே என்பது சைவ நூற்றுணிபு அன்றோ, பாம்படித்த பாவம் என்றாரைக் குறைகூறுதல் யாங்ஙனம் எனின், கூறுதும். சஞ்சிதத்தினின்று முகந்துகொண்ட பிராரத்தமே இவ்வுடம்பின்வழி நுகரப்படுகின்றது என்பது உண்மை. ஆயின் வினை சடம். அது தானே வந்து செய்தவனைப் பற்றாது. இன்ன வினைக்கு இன்ன பயனெனக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. எண்ணிறந்த பிறவிகளில் ஈட்டப்பட்ட வினைத்தொகுதியுள் எது இத்தினவாய் விளைந்தது என்பது அவனறிவுக்கே விளங்கும். ‘இதற்கு இதுவே’ என்று சுட்டியுரைப்போன், முற்றறிவுடையோனுக்கன்றிப் பிறர்க்கில்லாத அறிவைத் தனக்குளதாகக் கூறினானாகின்றான். அவன் சொல் நோயாளன் உள்ளத்தைப் புண்படுத்துமாயின், பிறனுடைய பழவினையைக் கணக்கிடப் புகுந்து தனக்குப் புதுவினையாகிய ஆகாமியத்தை ஈட்டிக்கொண்டவனும் ஆகின்றான்.

அன்றியும், வினைப்பயனை நுகர்விப்பது ஒறுத்தல் ஒன்றே கருதியதன்று, மலம் பரிபாகமுறுதற்கு. அருணந்தி சிவாசாரியார் இறைவனது ஒறுப்பிற்கு, உடம்பை அறுத்தும் கீறியும் நோய் தீர்க்கும் மருத்துவனை உவமை கூறியதும் இக்கருத்துப் பற்றியே. அறுவைப்படுக்கையிற் கிடப்பானை நோக்கி ‘இது உனக்கு வேண்டும்’ என்று எள்ளுவோர் உளரோ? ஆகவே வினைக்கொள்கை, நோயாளன் தன்னைத்தான் நோக்கிப் பொறுமையுறுதற்கு ஏற்பட்ட மருந்தாகலாம்; அயலார் எடுத்து அவன்மேல் எறிதற்கு ஏற்பட்ட கல்லன்று.

இக்கொள்கை முயற்சியைக் கைவிடச் செய்யும் என்பாரும் உளர். திருஞானசம்பந்த சுவாமிகள் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலை, அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அது அந்நாட்டின் இயல்பென்று அவர்கள் விண்ணப்பித்தனர். பிள்ளையார் அதனை இயல்பென்று விடுத்தாரல்லர். முன்செய்த வினைக்கு இவ்வினை வருமென்று பேசுகின்ற நீவிர் உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்னுங் கருத்துடன் தொடங்கித் திருநீலகண்டப் பதிகம் அருளினார், பிணி அகன்றது. வினையுண்மையை அறிதலும் உய்வினை நாடுதலும் தம்முள் முரணா என்பதற்கு இதனின் மேலாய சான்று வேண்டா. நம்பியாரூரர்க்கும் உடம்பிற் பிணி வந்ததும், திருத்துருத்தியில் வடகுளத்து மூழ்கி அவர் அதனினின்று நீங்கியதும் பெரியபுராணத்துட் காண்க. தம்பிரான் தோழராகிய அவரே தீர்வினை நாடினாரெனின், நம்மனோர் நாடுதற்குக் கூசுதல் என்னை?

எமதூரிற் கோயில்கொண்டருளிய திருக்காளாத்தீசுவரர் சந்நிதியைத் தென்காளத்தி என்று வழங்குவர். முல்லைப் பெரியாற்றங்கரை ஊர்களினின்றும் வந்து அங்கே வழிபடுவோர் பலர், இராகு கேதுக்களால் வந்த இடரென்று தம் நோயைக் கருதி வருபவர். அவர்கள் காளத்தியின் கண்ணப்பரை ஒருகாற் சிந்தித்தல் நன்று. இறைவன் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட அவர், இது செய்தார் யாவரெனக் கானகமெங்கும் தேடினார். ஊறு செய்த வேடரையும் கண்டிலர், விலங்கையும் கண்டிலர். காரணம் காணாமையால் அவர் கைகட்டி நின்றாரோ? இல்லை; மீண்டு வந்து தழுவிக் கண்ணீர் சொரிந்தார்; பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார்; அதனாலும் நில்லாதாக, ஊனுக்கு ஊனென்று தம் கண்ணையே இடந்து அப்பினார். காரணத்தைத் தேடுதல் கடமை. அது கிட்டாதவழியும் அன்பு தன் தொழிலை நிறுத்துவதில்லை.

இனி, தீராத தினவோடு வாழ்வோர் செய்யத்தகுவது யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. சிவப்பு மலரையடுத்த பளிங்கு சிவந்து தோன்றுதல்போல. தினவு மிக்க நள்ளிரவில் ‘எனக்குத் தினவுளது’ என்னும் அறிவு தேய்ந்து, ‘யான் தினவே’ என்னும் நிலை வருதலை யாம் அறிவேம். அப்போது நினைக்கத்தகுவது, மெய் என்னும் பொறி கருவியே, அறியும் உயிர் வேறு என்னும் பாடம். புறத்தே யாதொரு பொருளும் தீண்டாதிருப்பத் தீண்டியதாகப் பொய்ச்செய்தி கொணரும் இக்கருவி, தான் உயிரன்மையைத் தானே காட்டுகின்றது. செய்தி பொய்யாயினும் துன்பம் மெய்யே. அத்துன்பத்தை அறிகின்ற யான் அத்துன்பமல்லேன் என்னுந் தெளிவு நோயைத் தீர்க்காது. ஆயினும் விடியுமட்டும் இருத்தற்கு இடந்தரும்.

சொறிதல் பற்றியும் ஒரு சொல். சொறியுங்கால் எழும் சிறுவலி தினவினைச் சற்றே மறைக்கும், நிறுத்தியவுடன் தினவு முன்னையினும் மிகும், தோல் புண்ணாகும், புண்ணால் நரம்பு மேலும் கிளரும். ஆயினும் சொறிந்தவனை ‘மனவலி இல்லாதவன்’ என்று இகழற்க; உறக்கத்திலும் கை தானே செல்லும். நகத்தை ஒட்ட நறுக்குக. வெந்நீரைத் தவிர்த்துத் தண்ணீரில் நீராடுக. தோல் உலராதபடி எண்ணெய் பூசுக. மெல்லிய பருத்தியாடை உடுக்க. ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படும் வழக்கமான மாத்திரைகள் நரம்புத் தினவிற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. நரம்பின் கிளர்ச்சியை அடக்கும் கபாபென்டின், பிரிகாபாலின் என்பனவும், மிளகாயின் காரப்பொருள் கலந்த களிம்பும் சிலர்க்கு உதவுகின்றன. இவற்றை நரம்பு மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும். எமக்கு மருந்தினால் நோய் பாதியளவே தணிந்தது. அப்பாதியும் ஒரு பெரும்பேறே. மருந்து பலித்தலும் திருவருளின் வழியதே யாகலின், மருத்துவரை நாடுதல் இறைவனை ஐயுற்றதாகாது.

மெய்யன்பர்காள்! நும் இல்லத்தில் இத்தகைய நோயாளர் இருப்பின், காரணம் யாதென்று அவரை வினவி வருத்தற்க. அது தெரிந்தால் அவரே முதலிற் கூறியிருப்பர். ‘இரவு உறங்கினீரா?’ என்று கேண்மின். இல்லையென்பாராயின், அதனை நம்புமின். முதுகில் எட்டாத இடத்திற்கு எண்ணெய் தடவிக் கொடுமின். அப்பணியும் சிவபுண்ணியமே யாம்.

திருச்சிற்றம்பலம்.