மலையில் அறிந்ததை மனையில் மறப்பதேன்?

விடியுமுன் எழுந்து, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, போடியிலிருந்து முந்தல் வழியாக மலையேறும் ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தந்தை ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பொட்டிபுரத்தில் அவர் வீடு. பதினாறு வயதில் ஒரு மகன். நாளெல்லாம் உழைத்தவர் இருட்டில் திரும்புகிறார், வீட்டில் அமைதியில்லை.

"மோட்டார் சைக்கிளில் போடிமெட்டுக்குப் போகாதே என்றேன், போனான். காலனியில் இருக்கும் சிநேகிதன் வீட்டில் சாப்பிடாதே என்றேன், சாப்பிட்டான். கேட்டால், ஏன் கூடாது என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்!" என்று குமுறுகிறார். கை ஓங்குகிறது. மகன் வாசலைத் தாண்டுகிறான்.

குற்றம் யாருடையது? ஊர் நொடியில் தீர்ப்பளித்துவிடும்: பெற்றவரை எதிர்ப்பவன் உருப்படமாட்டான்! புராணங்கள் சாட்சிக்கு வரும். தந்தையின் சொல்லுக்காகக் காடேகிய இராமன் வருவான். தந்தை ஆணையிட்டார் என்பதற்காகப் பெற்ற தாயின் தலையையே வெட்டிய பரசுராமனும் வருவான். ஆனால் நண்பர்களே, அதே ஊர், அதே திண்ணையில் அமர்ந்து பிரகலாதன் கதையையும் கேட்டு உருகுகிறதே! தந்தையின் கட்டளையை மறுத்தவனல்லவா அவன்? பிரகலாதனுக்குப் பக்தன் என்ற பட்டம், பொட்டிபுரத்துப் பையனுக்குப் பிரம்படியா?

பணிந்தவனையும் போற்றி, மறுத்தவனையும் போற்றும் இக்கதைகள் தம்மையறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன. பணிதல் என்பதனாலேயே ஒன்று அறமாகிவிடாது. மறுத்தல் என்பதனாலேயே ஒன்று குற்றமாகிவிடாது. எதற்குப் பணிந்தான், எதை மறுத்தான் என்பதே கேள்வி.

அந்தத் தந்தை இட்ட இரண்டு கட்டளைகளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டாதே என்றதற்குக் காரணம் உண்டு. கொண்டைஊசி வளைவும், கண்ணை மறைக்கும் மூடுபனியும், ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வராமையும் காரணங்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையும் பொறுப்பாளியாக்கித் தண்டிக்கிறது. இதைத் தந்தை மகனிடம் சொல்லலாம். சொன்னால் மகனுக்குப் புரியும்.

சிநேகிதன் வீட்டில் உண்ணாதே என்றதற்கு என்ன காரணம்? சோற்றில் நஞ்சா? அன்பில் குறையா? ஒன்றுமில்லை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதைத் தவிர அவரிடம் விடையில்லை. அது காரணமன்று, அச்சம். தாம் அஞ்சுவதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அச்சத்துக்கு அதிகாரத்தின் உடையை மாட்டிவிடுகிறார்.

கேடு இங்கேதான் பிறக்கிறது. நல்ல கட்டளையும் கெட்ட கட்டளையும் ஒரே குரலில், ஒரே ஓங்கிய கையோடு வருகின்றன. எனவே மகன் இரண்டையும் ஒன்றாகவே தள்ளிவிடுகிறான். சாதிக்காகக் காரணமின்றி அதட்டியவரின் சொல், உயிரைக் காக்க அவர் சொல்லும்போதும் எடுபடாமற் போகிறது!

கேள்வி கேட்பது பொட்டிபுரத்திற்குப் புதிதா? அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சொன்னவர்கள் பெரிய அறிஞர்கள். திட்டமோ 1,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. ஆயினும் "பெரியவர்கள் சொல்கிறார்கள், வாய்மூடி இரு" என்று ஊரார் இருந்துவிடவில்லை. எங்கள் தண்ணீர் என்னாகும், வெடி வைத்தால் மலை என்னாகும் என்று கேட்டார்கள். 2022இல் தமிழ்நாடு அரசும் அத்திட்டத்திற்கு இடந்தர இயலாதென்று உச்சநீதிமன்றத்தில் கூறியது. அறிஞரிடம் காரணம் கேட்பது ஊரின் உரிமையென்றால், அப்பனிடம் காரணம் கேட்பது பிள்ளையின் உரிமையாகாதா?

1879இல் ஈரோட்டில் பிறந்த ஒரு செல்வர் வீட்டுச் சிறுவனும், உண்ணக்கூடாது என்று விலக்கப்பட்ட வீடுகளில் உண்டான், நீர் அருந்தினான். வீட்டார் அடித்தனர், காலில் விலங்கும் பூட்டினர். விலங்கைத் தூக்கிக்கொண்டே அவன் அதே தோழர்களிடம் போனான். அவனே பின்னாளில் பெரியார். இரும்பு அவன் நடையைத் தாமதப்படுத்தியது, நினைவை மாற்றவில்லை. 1904இல் தந்தையோடு பிணங்கிக் காசிவரை சென்று பட்டினியில் வாடினார். பின்னர் அவர் எலூரில் இருப்பதறிந்து தேடிச்சென்று அழைத்து வந்தவர் அந்தத் தந்தை வெங்கட்ட நாயக்கரே. வந்ததும் வணிகத்தை மகன் பெயருக்கே மாற்றினார். விலங்கு செய்யாததை, நம்பி ஒப்படைத்த பொறுப்பு செய்தது. மகன் திறமான வணிகரானார். தந்தையின் பக்தியை மட்டும் ஏற்கவில்லை. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர்.

இளந்தோழனே, உனக்கும் ஒரு சொல். காரணம் கேட்பவன், கிடைத்த காரணத்தை மதிக்கவும் கடமைப்பட்டவன். நல்ல காரணத்தைக் கேட்ட பின்னும் வண்டியை முறுக்கிக்கொண்டு வளைவில் பாய்வது புரட்சியன்று, பிடிவாதம். பகுத்தறிவு அப்பாவுக்கு மட்டும் வைத்த தேர்வன்று, உனக்கும் சேர்த்துத்தான்.

பெற்றோருக்கு அறிவுரை கூற நாம் வெளியூர் போகவேண்டாம். அந்தத் தந்தை அன்றாடம் செய்யும் வேலையே போதும். ஏலச்செடி வெட்டவெளியில் கருகும்; அதனால் நிழல் மரம் வேண்டும். நிழல் மிகுந்தாலோ செடி காய்க்காது. அதனால் மழைக்காலத்திற்கு முன்னே அவரே மரமேறி, கிளைகளைக் கழித்து, வெயிலுக்கு வழிவிடுகிறார். மரத்தையும் வெட்டுவதில்லை, செடியையும் இருட்டில் விடுவதில்லை. எவ்வளவு நிழல், எவ்வளவு வெயில் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். செடிக்குத் தெரிந்து செய்வதைச் சேய்க்கும் செய்யலாமே! மலையில் அறிந்ததை மனையில் மறப்பதேன்?