யாருடைய அழுக்கு?

பேன் பிடித்தவனைப் பார்த்ததும் நம் ஊரில் முதலில் வந்து விழுகிற சொல் 'அழுக்குப் பய'. அவனுக்குக் குளிக்கத் தண்ணி இருக்கா, மாத்திக் கட்ட இன்னொரு துணி இருக்கா என்று எவனும் கேட்பதில்லை. இது நம்மூர்ப் புத்தி மட்டுமில்லை. பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலும் இந்தக் கேள்வி விடுபட்டுப் போகிறது. ஒரு காய்ச்சலின் கதை அதைக் காட்டுகிறது.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளைக்கொருமுறை திரும்பத் திரும்ப வரும். காலெலும்பு வலி உயிரை எடுக்கும். சுமார் பத்து லட்சம் பேரைப் பிடித்தது என்கிறார்கள். அரசாங்கங்கள் குழு போட்டு ஆராய்ந்தன. பரப்புவது உடுப்புப் பேன் என்று 1918இல் உறுதியானது. தலைப்பேன் வேறு. இது துணியின் தையல் மடிப்பில் குடியிருந்து, ரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வருகிறது. அதன் பீயில் இருக்கிற கிருமி, சொறிந்த புண் வழியே உள்ளே ஏறுகிறது. பிற்பாடு பேரெடுத்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீனுக்கும் 1916இல் இது வந்தது. ராணுவ அதிகாரியான அவரை ஊருக்குத் திருப்பியனுப்பி வைத்தியம் பார்த்தார்கள். குற்றம் அவர் மேல் விழவில்லை, குழியின் மேல் விழுந்தது. காய்ச்சலுக்கே 'பதுங்குகுழிக் காய்ச்சல்' என்றுதான் பேர்.

போர்கள் முடிந்ததும் மறந்துவிட்டார்கள். 1993இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பத்துப் பேரின் ரத்தத்தில் அதே கிருமி கிடைத்தது. எல்லோரும் குடிக்கு அடிமையானவர்கள், பெரும்பாலோருக்கு வீடில்லை. 1995இல் பிரான்ஸ் டாக்டர்கள், வீடற்ற மூன்று ஆண்களின் இதயத்தை இது தாக்கியிருந்ததை எழுதினார்கள். 2020இல் கனடாவின் வினிபெக்கிலிருந்தும் அப்படியொரு சேதி.

ஏன் கண்ணில் படுவதில்லை? இந்தக் கிருமி மெல்ல வளரும். வழக்கமான ரத்தக் கல்ச்சரில் 'ஒன்னுமில்லை' என்றே வரலாம். அதற்குள் இதய வால்வு அரித்துப்போகும். இதற்கென்று தனிப் பரிசோதனை கேட்கணும். கேட்க, டாக்டருக்குச் சந்தேகம் வரணும். சந்தேகம் வர, "ராத்திரி எங்கே படுக்கிறே? துணி எங்கே துவைக்கிறே?" என்று விசாரிக்கணும். கிருமி ஒளிந்திருப்பது உண்மைதான். ஆனால் ஆள் ஒளியவில்லையே, எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறான்?

கூட்ட நெரிசலில் டாக்டர் என்ன செய்வார், அவருக்கு வெறுப்பா என்று கேட்பார்கள். வெறுப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் விடுவதற்கு வெறுப்பு வேண்டியதில்லை. 'இவன் இப்படித்தான்' என்ற நினைப்பு போதும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பேன் என்று சொல்லித்தான் சேரிப் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்தார்கள். முன் பெஞ்சிலும் பேன் இருந்தது. 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கரும் மக்களும் தண்ணீர் குடித்தபின், சாதி இந்துக்கள் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். தண்ணியையும் மறுப்பான், அழுக்கு என்றும் சொல்வான். இந்த நியாயம் நமக்குப் பழகியதுதான்.

இதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து உண்டு, வாரக்கணக்கில் கொடுக்கணும். பேனை ஒழிக்கவோ, குளித்துத் துணி மாற்றி, பழையதை நல்ல சுடுதண்ணியில் துவைத்தாலே பெரும்பாலும் போதும். அந்தத் துணியும் தண்ணியும் இல்லாதவனை மாத்திரையோடு அதே தெருவுக்கு, அதே சட்டையில் அனுப்பினால் அதற்கு வைத்தியம் என்று பேரா? குளிக்க ஒரு இடம், துவைக்க ஒரு இடம், மாற்ற ஒரு துணி. மருந்துச் சீட்டில் இவற்றையும் எழுதணும். எழுதியதைக் கொடுக்கும் பொறுப்பை அரசாங்கம் ஏற்கணும்.