நாணயம் தவறிய நாணயமா?

காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வழங்கும் மொழி நம்முடையது. அவ்வாறாயின், ஒரு நாணயம் எப்போது நாணயமற்றதாகின்றது?

கிரேக்கர் வளர்த்த துறைமுக நகராகிய அலெக்சாந்திரியாவிலும் கீழை உரோமப் பேரரசின் பிற நகரங்களிலும் கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் அடிக்கப்பட்ட சிறு வெண்கலக் காசுகள் இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்டவையும் உள. இவற்றிற் பேரரசனின் தலை உண்டு; ஆயின் அதனைச் சூழ்ந்த இலத்தீன் எழுத்துகள் வெறுங் கோடுகளாகச் சிதைந்துள்ளன. படிக்கத் தெரியாத கை பார்த்தெழுதிய எழுத்து அது. இவற்றைப் 'போலிகள்' என்பர். அச்சொல் எனக்கு உறுத்துகின்றது. போலிமைக்கு ஒப்புமை மட்டும் போதாது. ஏமாற்றும் கருத்தும் வேண்டும். அசலை வாங்கியவனுக்கே அதன் எழுத்து விளங்காதபோது இங்கு ஏமாந்தவர் யார்?

அங்ஙனமாயின் கள்ளக்காசு அடிப்போர் அனைவரும் தப்பிவிடுவரே எனலாம். விடை தேட நாம் பேராதனையை விட்டு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், இரண்டாம் இராசசிங்கன் காலத்துக் காசுகளை விவரிக்கின்றார். தூண்டில் வடிவான வெள்ளிக் காசை எவரும் செய்யலாம். விரும்பிய முத்திரையை இடலாம். ஐயமெழுந்தால் அதனைப் பழுக்கக் காய்ச்சி நீரிலிடுவர். வெண்மை குன்றினாற் செல்லாது. 'பணம்' எனப்பட்ட சிறு காசையோ மன்னனன்றிப் பிறர் அடித்தால் மரண தண்டனை. ஒரே நாட்டில் ஒரே செயல், ஒன்றில் உரிமை, மற்றொன்றில் உயிர்க்குற்றம்! வெள்ளிக்குத் தீ சான்று; பணத்துக்கு மன்னன் சான்று.

வெண்கலத்துக்கு எது சான்று? தீயிலிட்டுப் பயனில்லை, அதன் மன்னனோ கடலுக்கப்பால் உள்ளவன். அடுத்தவன் வாங்குவான் என்ற நம்பிக்கையே அதன் பெறுமதி. இங்கேதான் என் முன்னைய தீர்ப்புத் தளர்கின்றது. நம்பிக்கை முறியும் நாளில் காசு எவன் மடியில் உள்ளதோ அவனே இழப்பவன். சிறு காசை மடியில் முடிபவன் பெரும்பாலும் ஏழை. சென்ற மாதம் கண்டியிலிருந்து வந்த பேருந்தில் நான் நீட்டிய தேய்ந்த 5 ரூபாக் குற்றியை நடத்துநர் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். எனக்கு அது சிறு வெட்கம், அவ்வளவே. அன்றைய கூலியாளுக்கு அது ஒரு வேளைச் சோறாயிருந்திருக்கும். ஆகவே, செய்தவனின் கருத்தை மட்டும் வினவுதல் போதாது; தான் செய்த காசைத் தானே விலையாகத் திரும்பப் பெற அவன் ஆயத்தமாயிருந்தானா என்றும் வினவவேண்டும்.

மண் இதற்கு ஓரளவு விடை தருகின்றது. இலங்கைப் புதையல்களில் உரோமக் காசும் உள்ளூர்க் காசும் ஒன்றாகக் கலந்தே கிடந்துள்ளன. சேமித்தவன் அவற்றைப் பிரித்து வைக்கவில்லை.