முகமும் முத்திரையும்

கடவுச்சீட்டுக்குரிய நிழற்படம் எவ்வாறு அமைய வேண்டுமென்பதற்கு இன்று உலகெங்கும் ஏறக்குறைய ஒரே விதி வழங்குகின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த தராதரமே அதற்கு அடிப்படை. பின்னணி வெளிறிய ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். கண்கள் திறந்து கமராவை நேரே நோக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். முகத்தில் நிழல் விழலாகாது. பல நாடுகள் 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமுங் கொண்ட படத்தைக் கேட்கின்றன. ஐக்கிய அமெரிக்கா இரண்டு அங்குலச் சதுரத்தைக் கேட்கின்றது. யாவற்றிற்கும் மேலாக, முகத்தில் உணர்ச்சி எதுவும் தோன்றலாகாது.

இவற்றைச் சில்லறை விடயங்கள் என ஒதுக்குவோர் உளர். ஆனால், மனிதருக்கும் அரசுக்குமுள்ள உறவு யாது என்ற பெரிய வினா இச்சிறிய படத்தினுள் அடங்கிக் கிடக்கின்றது. ஒருவர் இன்னார் என்று நாட்டுவதற்கு அவரது உணர்ச்சியைக் களைந்துவிட வேண்டுமெனின், எஞ்சி நிற்பவர் அவர்தாமா?

இவ்வழக்கம் மிகப் பழைமையானதன்று. முதலாம் உலகப் போரே இதனை நிலைநாட்டியது. 1914 இல் காள் லோடி என்னும் ஜேர்மன் ஒற்றர், அமெரிக்கர் ஒருவரின் கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவிலே நடமாடிப் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் லண்டன் கோபுரத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஐக்கிய அமெரிக்கா கடவுச்சீட்டிற்குப் படம் வேண்டுமென விதித்தது; 1915 இற் பிரித்தானியாவும் அவ்வழி சென்றது. போர்க்கால ஏற்பாடாக வந்தது, போர் முடிந்த பின்னரும் போகவில்லை. நேர்நோக்கு, சீரான ஒளி, மாறாத தூரம் என்ற இலக்கணத்தை அதற்கு முன்னரே, 1880களில், பாரிஸ் பொலிஸ் அலுவலரான அல்போன்ஸ் பேட்டியோன் குற்றவாளிகளைப் படமெடுப்பதற்கென வகுத்திருந்தார். இன்று குற்றமற்ற பிரயாணியும் அதே நிலையில் நிற்கின்றார்.

இதனால் மட்டும் அவ்விதி தீயது என்று முடிவு கட்டுதல் தகாது. படம் இல்லாத காலத்தில் நெற்றி, மூக்கு, நிறம் என்பன சொற்களால் எழுதப்பட்டன. எழுதும் குமாஸ்தாவின் கண்ணே அங்கு அளவுகோல். அளவு வரையறுக்கப்பட்டபோது விண்ணப்பதாரி மட்டுமன்றி அதிகாரியும் அதற்குக் கட்டுப்பட்டார். செல்வந்தருக்கும் கூலித் தொழிலாளிக்கும் 35 மில்லிமீற்றர் ஒன்றே. சிரிப்பை விலக்குவதற்கும் காரணம் உண்டு. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அமைப்பை இயந்திரம் ஒப்பிடுகையில், சிரிக்கும் முகம் அவ்வமைப்பை மாற்றிவிடுகின்றது. பொதுவிதி என்பது ஒருவகைச் சமத்துவம். அதனை முற்போக்காளர் எளிதில் இகழ்ந்துவிடலாகாது.

ஆயின், பொதுவிதி யாருடைய முகத்தைப் பொதுமுகமாகக் கொண்டது என்பதே அடுத்த கேள்வி. 2016 இல் நியூசிலாந்திலே, ஆசிய வமிசாவளியினரான மாணவர் ஒருவர் அனுப்பிய படத்தை, அவருடைய கண்கள் மூடியிருக்கின்றன என்று கூறி இயந்திரம் நிராகரித்தது. கண்கள் திறந்தே இருந்தன. இது புதியதோர் இயந்திரத்தின் தற்செயலான தடுமாற்றமன்று. கொடாக் நிறுவனத்தின் வர்ணப்படச் சுருளுக்கு நிறம் சரிபார்க்கும் அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத்தோற் பெண்ணொருத்தியின் உருவமே. அளவுகோல் நடுநிலையானது என்று நாம் எண்ணுகின்றோம். அதனைச் செய்தவர்களின் உலகம் அதனுள்ளே மறைந்திருக்கின்றது.

அளவுகோல் பழுதற்றதாயினும் நீதி கிட்டிவிடாது. 1960 இல் அல்ஜீரியாவிலே, பிரெஞ்சு இராணுவத்தின் ஆணைப்படி மார்க் கராஞ்சே என்ற படைவீரர் அடையாள அட்டைகளுக்காக ஏறக்குறைய 2,000 பேரைப் படமெடுத்தார். பெரும்பாலோர் பெண்கள், முக்காடு நீக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். உணர்ச்சியற்றிருக்க வேண்டிய அம்முகங்களில் சினமே எரிகின்றது. தென்னாபிரிக்காவில் 1952 ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பின மக்கள்மீது படம் பொறித்த அனுமதிப் புத்தகத்தைச் சுமத்தியது. அதனை எதிர்த்து ஷாப்வில்லில் 1960 மார்ச் 21 ஆம் திகதி திரண்டவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். தம் நிறுவனத்தின் கமராக்கள் அப்புத்தகங்களுக்குப் பயன்படுவதை 1970 இல் அறிந்த போலறொயிட் ஊழியர்களான கரொலைன் ஹன்ரரும் கென் வில்லியம்ஸும் போராட்டந் தொடங்கினர். 1977 இல் அந்நிறுவனம் தென்னாபிரிக்காவிலிருந்து விலகியது. கருவியைச் செய்யும் கைகளுக்கே அதன் பயன் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமை உண்டென்பதை அவ்விருவரும் நிலைநாட்டினர்.

நம் நாட்டின் வரலாறு இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை முகமிருந்தும் முத்திரையற்றவராக்கியது. தேயிலைத் தோட்டங்களில் அவர்களை அறியாதார் இலர். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் புலப்படவில்லை. 1964 இல் இரு அரசாங்கங்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் கணக்கிட்டுப் பிரித்தன. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003 இலேதான் வந்தது. அம்மக்கள் இழந்தது படமன்று, ஏற்பு. அடையாளம் காண்பது ஒன்று, தன்னவரென ஏற்பது வேறொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்றைய விசா வரிசையிலும் இவ்வேறுபாடே நிலவுகின்றது. செல்வ நாட்டுப் பிரசைகள் பல எல்லைகளை விசாவின்றிக் கடக்கின்றனர். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் செல்ல விழையும் நம்மவரோ, 2024 இல் 90 யூரோவாக உயர்த்தப்பட்ட கட்டணத்தைச் செலுத்த வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்படினும் அப்பணம் திரும்பாது. படங்கள் ஒரே அளவின. அவற்றின்பின் நிற்கும் மனிதர்கள் ஒரே அளவினராக மதிக்கப்படுவதில்லை. மில்லிமீற்றரிற் காட்டப்படும் சமத்துவம் வாழ்விலுள்ள ஏற்றத்தாழ்வுக்குத் திரையாகிவிடுகின்றது.

ஆதலின், படமே வேண்டாமென்று முழங்குவது நம் நோக்கமன்று. ஆளை இனங்காணும் தேவை எந்தச் சமுதாயத்திலும் இருக்கும். நாம் வேண்டுவன வேறு: விதியை வகுக்கும்போது எல்லா முகங்களும் கணக்கிற் கொள்ளப்பட வேண்டும், இயந்திரம் மறுத்தால் மனிதர் ஒருவர் மீளப் பார்க்க வேண்டும், மறுப்புக்குக் காரணம் கூறப்பட வேண்டும், ஒருவரை இனங்காண எடுத்த படம் அவரை ஒடுக்கப் பயன்படலாகாது.

முகங்கொடுத்துப் பேசுதல் என்று தமிழில் ஒரு வழக்குண்டு. எதிரில் நிற்பவரை மனிதராக மதித்து மறுமொழி கூறுதலே அதன் பொருள். நம்மிடம் முகத்தைக் கேட்கும் அரசு நமக்கு முகங்கொடுக்கவும் கடமைப்பட்டது. அக்கடமையைச் செய்யாத அரசின் முத்திரை எத்துணை அழகாகப் பதிந்திருப்பினும், அது நீதியின் முத்திரையாகாது.