சாதிப்பூனையும் ஒரு சின்னப் பொய்யும்

பூனைக்குக் காப்புறுதியா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான். லண்டன் ரூட்டிங்கில் ஒரு ரெஸ்ரோறன்டின் குசினியில் வேலைசெய்து, அதன் மேல்மாடியிலேயே படுத்தெழும்பும் நாலுபேர் நாங்கள். பக்கத்துவீட்டு வெள்ளைக்காரக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போனபோது தனது மெயின் கூன் பூனையை எங்களிடம் விட்டுப்போனார். மூன்று வருடமாகப் பின்கதவால் அதற்கு மீன்துண்டு போட்டுவந்தது மட்டுமே எங்களுக்கிருந்த தகுதி.

பூனையோடு ஒரு கடதாசியும் வந்தது. தாய், தகப்பன், பேரன், பேத்தி, பூட்டன், பூட்டி என்று வரிசையாகப் பெயர்கள். எங்களில் இருவருடைய பிறப்புச் சான்றிதழ்கள் 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்த வழியில் தொலைந்தவை.

ஊரில் இப்படியானதைச் 'சாதிப்பூனை' என்போம். காப்புறுதி விண்ணப்பத்தின் முதற் கேள்விகளில் ஒன்றும் அதுதான்: என்ன சாதி? லண்டனுக்கு வந்தும் "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்று தொடங்கி, குறிச்சி, கோயில் என்று இறங்கிப்போய் எங்கள் சனம் கேட்கிற அதே கேள்வி. ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் சனத்திடம் சுத்தம் என்றால் மதிப்புக் கூடும். கம்பனியிடம் சுத்தம் என்றால் ஆபத்துக் கூடும், ஆகவே கட்டணமும் கூடும். தெருவில் பிறந்த கலப்புப்பூனைக்குக் குறைவு. பதிவேட்டின் கதவைச் சாத்திவிட்டு ஒரே வட்டத்துக்குள் இனம்பெருக்கினால் நோயும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். மெயின் கூனுக்கு இதயத்தசை தடிக்கும் நோய் வருகிறது. அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது. பேர்சியன் பூனைக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் என்ற இனம் 1961இல் ஸ்கொட்லாந்துப் பண்ணையொன்றில் கண்ட ஒரு பூனையின் வழியில் வந்தது. அதன் காதை மடிக்கும் குறைபாடே அதன் மூட்டுக்களையும் வருத்துகிறது. அழகென்று காசு கொடுத்து வாங்குவது நோயைத்தான். சாதி பார்த்துக் கலியாணம் பேசுகிறவர்கள் ஒருமுறை இந்தக் கட்டணங்களை விசாரித்துப் பார்க்கலாம்.

இங்கு காப்புறுதி நாலு வகை. விபத்துக்கு மட்டும், ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை, ஒரு நோய்க்கு இன்ன தொகை வரை, கடைசியாக ஆயுட்காலக் காப்புறுதி. கடைசி வகையில், வருடாவருடம் புதுப்பிக்கும்வரை தொகை திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். நீடித்த வருத்தங்களுக்கு உதவுவது அதுதான், விலையும் அதற்குத்தான் அதிகம். செலவின் முதற்பகுதியை எப்படியும் நாங்கள் கட்டவேண்டும். பூனை கிழடானால் மிச்சத்திலும் ஒரு வீதத்தைப் பல கம்பனிகள் எங்கள் தலையில் போடும். அரசுக்கு 12 வீத வரி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே இருக்கும் வருத்தத்துக்குக் காசில்லை. பொதுவாக முதல் 14 நாட்களுக்குள் தெரியவரும் நோய்க்கும் இல்லை.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஓடி விளையாடியபின் பூனை வாயைத் திறந்து இளைப்பதை இரண்டுமுறை கண்டிருந்தோம். நாய் அப்படிச் செய்யும். பூனை செய்தால் நல்லதல்ல. மிருகவைத்தியர் எவரும் அதைப் பார்க்கவில்லை. எந்தப் பதிவிலும் இல்லை. நோயின் அறிகுறி ஏதும் கண்டீர்களா என்று விண்ணப்பம் கேட்டது.

கடை பூட்டியபின் அன்றிரவு இதைத்தான் கதைத்தோம். "இல்லை எண்டு போடுங்கோடா. கம்பனிக்காரன் என்ன கடவுளே?" என்றார் எங்களில் மூத்தவரான அண்ணை. "விசாவுக்கு உண்மையைச் சொன்னனான், நிராகரிச்சாங்கள். காசு குடுத்துக் கதை எழுதினவனை நம்பினாங்கள். பொய் சொல்லக்கூடாது எண்டுறது பாஸ்போட் உள்ளவன்ரை ஒழுக்கம்."

இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன மெய்யியற் படிப்பில் மிஞ்சியதைக் கிளறிப் பார்த்தோம். வாசலில் கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797இல் எழுதினார் கான்ட். தீங்கில்லாத நன்மை தருமானால் பொய்யையும் ஏற்கலாம் என்பது வள்ளுவர் கட்சி. சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்த நாங்கள் எப்போதும் வள்ளுவர் பக்கம். ஆனால் காப்புறுதிக் கம்பனி வாசலில் நிற்கும் கொலைகாரன் அல்ல. அப்படியானால் அது என்ன? எங்கள் ஊர்ச் சீட்டா? சீட்டை முதலில் எடுத்துவிட்டு ஓடுபவன் தாச்சியை மட்டுமல்ல, மிச்சம் எல்லோரையும் ஏமாற்றுகிறான். அப்படிப் பார்த்தால் எங்கள் பொய்க்கான காசை இன்னொரு பூனைக்காரர் கட்டுவார். ஆனால் ஊர் மரண உதவிச் சங்கத்தில் ஒருவரும் உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டுச் சேர்த்ததில்லை. இங்கோ, தேவை உள்ளவனுக்குத்தான் கதவு பூட்டு. இப்படியான இடத்துக்கு நேர்மை எவ்வளவு கடன்பட்டிருக்கிறது? எங்களால் தீர்க்க முடியவில்லை.

அதுவரை பேசாமலிருந்த எங்களில் ஒருவர் தன் இடதுகாலை நீட்டினார். 2009இல் முகாமில் அந்தக் காயத்தை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால் இயக்கம் என்று கொண்டுபோயிருப்பார்கள். அந்தப் பொய் அவரைக் காப்பாற்றியது. ஷெல்துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. பனிக்காலத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கோப்பை கழுவுவது அந்தக் காலோடுதான். "மறைச்சால் மருந்து கட்டேலாது. நான் எனக்காக மறைச்சன். பூனை கேட்டதே மறைக்கச் சொல்லி?" என்றார்.

அதன்பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது. இல்லை என்று எழுதினால் அந்த 14 நாளும் பூனையை வைத்தியரிடம் கொண்டுபோக முடியாது. அதன்பிறகும் அன்றுதான் முதன்முதல் கண்டதுபோல நடிக்கவேண்டும். அதுவரை மூச்சுமுட்டுவது பூனைக்கு. பொய் சொல்வது நாங்கள், விலை கொடுப்பது அது. வள்ளுவர் விட்ட இடைவெளிக்குள் இது அடங்காது. தன் உயிருக்காகச் சொல்லும் பொய்யும், வாய்பேசாத இன்னொன்றின் உடம்பில் ஏற்றிவிடும் பொய்யும் ஒன்றல்ல.

உண்மையை எழுதினோம். அடுத்தநாளே வைத்தியரிடம் கொண்டுபோனோம். இதயத்தசை கொஞ்சம் தடித்திருக்கிறது என்றார்கள். கம்பனி இதயத்தை விலக்கிவிட்டு மிச்ச உடம்புக்கு ஆயுட்காலக் காப்புறுதி தந்தது. இதயத்துக்கு நாங்கள் ஒரு மா ரின்னில் சீட்டுத் தொடங்கினோம், ஆளுக்கு வாரம் ஐந்து பவுண்ஸ்.

அம்மாவுக்கு இல்லாத காப்புறுதி பூனைக்கா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2022 நெருக்கடியில் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் வெளியில் வாங்கக் காசு அனுப்பியவர்கள் நாங்கள். அந்தக் காசில் நாங்கள் கைவைக்கவில்லை. ரின்னுக்குப் போவது சிகரெட்டும் லொத்தரும்தான். ஆனாலும் பதில் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி இல்லை.

நாங்கள் செய்தது மடைத்தனம் என்று அண்ணை இன்றும் சொல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ரின்னுக்குள் முதல் ஐந்து பவுண்ஸைப் போடுவதும் அவர்தான்.