திரும்பக் கொண்டுவருதல்

விண்வெளிப் பயணங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதப் பேச்சுகள்தாம் உண்டு. ஒன்று பெருமிதம். சங்கப் பாட்டில் வான ஊர்தியைக் கண்டெடுத்து மகிழ்பவர்கள் முதல் ராக்கெட் கிளம்பும்போது தொலைக்காட்சி முன் கைதட்டுபவர்கள்வரை இதில் அடக்கம். மற்றது, பட்டினி இருக்கும் நாட்டில் ராக்கெட் எதற்கு என்ற கேள்வி. இரண்டுமே யோசனையைத் தொடங்குமுன் முடித்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம். மேலே போகும் திறமை, கீழே இருப்பவர்களிடம் நமக்கு என்ன கடமையை உண்டாக்குகிறது? விசாரிக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

களியக்காவிளையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து ஒரு பக்கம் பஸ் ஏறினால் திருவனந்தபுரம், அதைத் தாண்டித் தும்பா. 1963 நவம்பர் 21இல் அங்கிருந்துதான் நமது முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. மீனவர்கள் விட்டுக்கொடுத்த தேவாலயமே ஆரம்பத்தில் விஞ்ஞானிகளின் அலுவலகம். மறுபக்கம் பஸ் ஏறினால் மகேந்திரகிரி. ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இடம். கடல் பக்கம் இறங்கினால் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்களின் ஊர்கள்.

இனி வரவிருக்கும் ககன்யானை எடுத்துக்கொள்வோம். மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, மூன்று நாள்வரை வைத்திருந்து, கடலில் இறக்கி மீட்பது திட்டம். 2024 செப்டம்பரில் இதற்கான ஒதுக்கீடு 20,193 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. ராக்கெட்டின் மேலடுக்குக்கான எஞ்சின், மனிதர்களை ஏற்றத் தகுதியானது என்று 2024 பிப்ரவரியில் மகேந்திரகிரிச் சோதனைகளில் நிரூபிக்கப்பட்டது. ஆனால் இத்திட்டத்தைத் தனியாக்குவது ஏறும் பகுதி அல்ல. செயற்கைக்கோள்களை ஏற்றி நமக்கு ஏற்கெனவே பழக்கம். இங்கே புதிது, திரும்பி வருதல். 2023 அக்டோபர் 21இல் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த சோதனை முழுக்க முழுக்க அதற்காகத்தான். பாதிவழியில் ஆபத்து வந்தால் மனிதர் இருக்கும் கலத்தை ராக்கெட்டிலிருந்து பிடுங்கி, பாராசூட்டில் கடலில் இறக்க முடியுமா? முடிந்தது. கடற்படை அந்த ஆளில்லாத கலத்தை வங்கக் கடலிலிருந்து மீட்டு வந்தது.

எஞ்சினியரிங் பாஷையில் இது பாதுகாப்பு ஏற்பாடு. தர்ம விசாரத்தின் பாஷையில் இது ஒரு வாக்குறுதி. நம் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனவனைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது என்று ஒரு அரசு சொல்கிறது. நான் இதைக் குறைத்து மதிப்பிடவில்லை. இதனாலேயே இன்னொரு ஞாபகம் வருகிறது.

2017 நவம்பர் 30இல் ஒக்கி, குமரிக் கடலில் புயலாயிற்று. எங்கள் ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பியிருந்தன. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. டிசம்பர் 7இல் கடற்கரை ஜனங்கள் குழித்துறை ரயில் நிலையத்தை மறித்து உட்கார்ந்தார்கள். காணாமற்போனவர்களைத் தேடு என்பதுதான் கோரிக்கை. அப்போது நான் வேலையில் சேர்ந்த புதிது. சில வாரங்கள் கழித்து ஒரு பெண் கணவனின் பாஸ்புக்கோடு கவுண்டருக்கு வந்தாள். இறப்புச் சான்று இல்லை, உடலும் இல்லை. ஏழாண்டு தகவலற்றுப் போனால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். ஒக்கியில் போனவர்களுக்குத் தனி ஏற்பாடு பிறகுதான் வந்தது. அவள் பணம் கேட்கவில்லை. “மேலேருந்து படம் எடுத்தாவளாமே சாறே, அதுல போட்டு தெரியாதா?” என்று கேட்டாள்.

தெரியாது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி, தரையில் ஒரு கிலோமீட்டர். இரவிலும் எடுக்கிற வெப்பப் படத்தில் நான்கு கிலோமீட்டர். மேகம் தெரியும், இருபது மீட்டர் படகு தெரியாது. இந்தப் பதில் சரியானது. ஆனால் அது அவளுடைய கேள்விக்கு உரியதல்ல. புயலைப் பார்க்கிறவர்கள் பார்த்ததைச் சொல்லவில்லையே என்பதுதான் அவள் கேட்டது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். விண்வெளி வீரனை அரசு அனுப்புகிறது. மீனவன் தன் பிழைப்புக்குத் தானே போகிறான். இருவரையும் ஒன்றாக வைப்பது நியாயமா? ஏற்றுமதியாகும் மீன் அந்நியச் செலாவணிக் கணக்கில் சேருகிறது, விண்வெளித் திட்டமே ஒரு மீனவக் கிராமத்தின் நிலத்தில்தான் தொடங்கியது என்றெல்லாம் பதில் சொல்லலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தை நான் இங்கே திறக்க விரும்பவில்லை. கடன் இல்லாவிட்டாலும் கடமை உண்டு. வானத்தில் கண் இல்லாத காலத்தில், புயல் தெரியாமல் செத்தவனின் சாவு விதி. கண் வந்த பிறகு, தெரிந்ததைச் சொல்லாமலிருப்பது நம் செயல். அறிவு வளரும்போது விதியின் எல்லை சுருங்குகிறது. பொறுப்பின் எல்லை அதே அளவுக்கு விரிகிறது.

ஹன்னா ஆரென்ட் 1958இல் வெளியான தம் நூலை ஸ்புட்னிக்கிலிருந்து தொடங்குகிறார். பூமியிலிருந்து தப்பிவிடும் ஆசை அதில் அவரைக் கவலைப்படுத்தியது. நம் விஷயத்தில் கவலை சற்று வேறு. தும்பாவில் தொடங்கியவர்களின் நோக்கம் தப்புவது அல்ல. வானிலை, தகவல் தொடர்பு போன்ற பூமியின் காரியங்கள்தாம். அந்த நோக்கம் கரையை வந்தடைய எடுத்துக்கொண்ட காலம்தான் உறுத்துகிறது. ஒக்கிக்குப் பின் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்தன. அவற்றில் கேட்கலாம், பேச முடியாது. 2024இல், ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கியது. படகுக்காரனும் திருப்பிச் சொல்லலாம் என்பதை ககன்யானுக்குக் குறையாத முன்னேற்றமாகவே கருதுகிறேன். அதற்கு யாரும் கைதட்டியதாகத் தெரியவில்லை.

ககன்யான் வீரர்கள் கடலில் இறங்கும் நாளில் கப்பல்கள் முன்கூட்டியே காத்து நிற்கும். வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் அதை டிவியில் பார்ப்பார்கள். சந்தோஷப்படுவார்கள், நானும்தான். கடலில் இருப்பவனுக்காக ஒரு அரசு எப்படிக் காத்து நிற்க முடியும் என்பதையும் அன்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.