முரசு ஓய்ந்த பின்

போர்த்தொழில் புரிந்தவர் மன அமைதியை எங்கே பெறுகிறார் என்பது அறநூல்களின் பழைய கேள்வி. இந்திய விமானப்படையின் இலச்சினையிலேயே அது அடங்கியிருக்கிறது. அதிலுள்ள குறிக்கோள் தொடர் பகவத்கீதையின் 11-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது. விசுவரூபம் வானைத் தொட்டு ஒளிர்வதைக் கண்ட அர்ச்சுனனின் சொல் அது. தன் உள்ளம் நடுங்குவதாகவும் துணிவும் அமைதியும் கிட்டவில்லை என்றும் அதே சுலோகத்தில் அவன் கூறுகிறான். ஆற்றலின் ஒளி அமைதியைத் தந்துவிடுவதில்லை.

பயன் கருதாமல் கடமையைச் செய் என்பது கீதையின் விடை. அதற்கு எடுத்துக்காட்டு விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங். அவர் 1944-இல் இம்பால் போர்முனையில் விமான அணி ஒன்றை நடத்தி விருது பெற்றார். 1947 ஆகஸ்ட் 15 அன்று டில்லி செங்கோட்டைக்கு மேல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்புக்குத் தலைமை தாங்கினார். 1964 முதல் 1969 வரை விமானப்படையின் தலைவராக இருந்து, 1965 போரை எதிர்கொண்டார். முதுமையில் டில்லி அருகே இருந்த தம் பண்ணையை விற்று, ஓய்வுபெற்ற விமானப்படையினருக்காக 2 கோடி ரூபாயில் அறக்கட்டளை அமைத்தார். பதவி முடிந்தும் கடமை முடியவில்லை. அது கொடையாகத் தொடர்ந்தது.

அந்தக் கொடை கலைக்கும் உரியது என்பது தமிழ் மரபு. போர்முரசை நீராட்டக் கொண்டுசென்றிருந்த வேளையில், மென்பூப் பரப்பிய முரசுகட்டிலில் மோசிகீரனார் அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். அது வாளால் வெட்டப்படத் தக்க குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை விடுத்துக் கவரி வீசினான். தகடூரை வென்ற தோள் புலவரின் துயில் கலையாமல் காத்ததைப் புறநானூற்றின் 50-ஆம் பாடல் பதிவு செய்கிறது.

முரசு ஓய்ந்து இசைக்கு இடம் தருவதை இன்றும் காணலாம். டில்லியில் ஆண்டுதோறும் ஜனவரி 29 மாலை, விஜய் சௌக்கில் முப்படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்கிறது. அந்தி சாய்ந்ததும் போரை நிறுத்தி வீரரைப் பாசறைக்கு அழைத்த பழைய வழக்கமே அதன் மூலம். விமானப்படையின் இசைக்குழுவும் அங்கே வாசிக்கிறது. கதிர் மறைய, கொடிகள் இறங்குகின்றன. படையெடுக்கச் சொல்லும் முரசே ‘போதும்’ என்றும் சொல்கிறது.

வீரம் காத்துத் தருவது உயிரையும் நிலத்தையும். அவற்றில் தழைக்க வேண்டியது இசையும் கலையும். ஆகவே ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் இசையைப் புரப்பது பொழுதுபோக்கு அன்று. அவர் ஏற்ற கடமையின் நிறைவே அது.